எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சில்லில் தகவலைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) மாட்டுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகம் கூடும் என்று எழுதியிருந்தது முழு உண்மை. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை அக்கா படித்து முடித்து, இப்போது தம்பி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்த மாதிரி மெஷினுக்குக்கூட எஸ்எஸ்டி போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் கட்டுரை அடிமூடியைத் திருகியதோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் பயாஸில் (விண்டோஸுக்கு முன் மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பார்க்க வேண்டியதும், டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சிறு மென்பொருள்) ஏற்றுவதும் பாதி வேலை. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினான்கு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே விரல் நீளத்தில் ஒரு எம்.2 எஸ்எஸ்டி. லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்று வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் விண்டோஸைப் புதிதாகப் போடப் பார்த்தபோது டிரைவ் பட்டியல் காலியாக வந்திருக்கிறது. "எஸ்எஸ்டி செத்துப்போச்சும்மா" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்க வைத்திருக்கிறார்கள். அந்தப் புதியதும் பட்டியலில் வரவில்லை. அதன் பிறகுதான் பயாஸுக்குள் போய் ஓர் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், உடனே வந்துவிட்டது. பழையதை ஒரு தடவை திரும்ப மாட்டிப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் புராஜெக்ட், அப்பா இறப்பதற்கு முன் எடுத்த படங்கள், எல்லாம் அதில்தான் இருந்தன.

அவர் கவரில் கொண்டுவந்த அந்தப் பழையதை நான் ஒரு யுஎஸ்பி உறையில் போட்டுச் செருகினேன். டிரைவ் உயிரோடுதான் இருந்தது. டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், மீட்புச் சாவி கேட்டது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது வரும் பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே குறியாக்கம் தானாக ஓடிவிடும், சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருடைய போனிலேயே கணக்கைத் திறந்தோம். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். மூன்றாவது தொகுதியில் ஒரு எண் தப்பாகி, மறுபடி முதலிலிருந்து அடித்தோம். ஃபோல்டர்கள் வந்து நின்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை, அப்பாவின் படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நடந்தது என்னவென்றால், இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸரில் இருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு கம்பெனியிலிருந்தே ஆன் செய்து வருகிறது. அது ஆனில் இருந்தால் எஸ்எஸ்டி நேராக விண்டோஸுக்குத் தெரியாது, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் வழியாகத்தான் தெரியும். லேப்டாப்போடு வந்த விண்டோஸில் அந்த டிரைவர் இருக்கும். நாம் பென்டிரைவில் தயாரிக்கிற விண்டோஸ் 10-இல் இருக்காது. அதனால்தான் பட்டியல் காலி. டிரைவ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பயாஸின் தகவல் பக்கத்தில் எஸ்எஸ்டியின் பெயரும் மாடல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அநேகமாக அது உயிரோடுதான் இருக்கிறது.

இதற்கு விஎம்டியை ஆஃப் செய்வதுதான் பலரும் சொல்கிற வழி. ஏசர் மாடல்கள் பலவற்றில் அது மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் தெரியும். ஆனால் உள்ளே ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும்போது ஆஃப் செய்தால் அந்த விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும், அல்லது 48 இலக்கச் சாவியைக் கேட்கும். திரும்ப ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் அந்த நேரத்தில் ஃபார்மட் அடிக்கிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அமைப்பை அப்படியே விட்டுவிட்டு டிரைவரை ஏற்றுவதே நல்லது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரியதை இறக்குங்கள். இறங்குவது பெரும்பாலும் ஒரே ஈஎக்ஸ்ஈ கோப்பாக இருக்கும், அதை அப்படியே பென்டிரைவில் போட்டால் விண்டோஸுக்குக் கண் தெரியாது. பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரைப் போட வேண்டும். அப்புறம் பட்டியல் காலியாக நிற்கும் அதே திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்தால் எஸ்எஸ்டி வந்துவிடும்.

பழைய லேப்டாப்களில் கதை வேறு. 2010-ஐ ஒட்டி வந்தவற்றில் சில, பயாஸில் ஐடிஈ என்ற பழைய டிரைவ் முறையில் வைத்தபடியே என் மேசைக்கு வருகின்றன. எஸ்எஸ்டிக்கு ஏஹெச்சிஐ என்ற அதைவிடப் புதிய முறை வேண்டும், அதில்தான் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் நிற்க முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றினால் இங்கேயும் நீலத்திரைதான். விண்டோஸ் 10 என்றால், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸில் மாற்றிவிட்டால், சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் முறை) விண்டோஸ் சரியான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் நம்பர் சில நேரம் வேலை செய்யாது, பாஸ்வேர்டு ஞாபகம் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து லேப்டாப்பைத் திறக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தொழிலில் இருக்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை: பயாஸில் கை வைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் சாவி எங்கே என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பயாஸில் பெயர் தெரிகிற டிரைவை வேறொரு மெஷினில் போட்டுப் பார்க்காமல் செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். கழற்றியதைக் கட்டாயம் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கடை மற்றதெல்லாம் தவறாகச் செய்தாலும் பழைய எஸ்எஸ்டியைக் கவரில் போட்டுக் கொடுத்தது, அந்த ஒன்றால்தான் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது.

அடுத்த வாரத் தொழில்நுட்பப் பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாகவாவது இதை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் கடை நடத்தும் வாசகர்,
விருதுநகர்