ஜிம் சாவி எங்கன்னு கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

காலேஜ் பசங்களோட மன அழுத்தம் பத்தி போன வாரம் உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். எல்லா யுனிவர்சிட்டியிலயும் வெல்னஸ் சென்டர் தொடங்கோணும்னு முடிச்சிருந்தீங்க. தொடங்கியாச்சுங்க. அந்த மாதிரி ஒண்ணுக்கு நான்தான் பொறுப்பு, அதனாலதான் எழுதறேன். பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு, தமிழ்நாடு-கேரளா எல்லைய ஒட்டின ஒரு கேம்பஸ்ல வேல, முப்பது வருசத்துக்கு கிட்ட பிசிகல் டைரக்டர், பசங்கள்ல பாதி பேரு மேடம்பாங்க, பாதி பேரு டீச்சரேம்பாங்க, ரெண்டுக்கும் திரும்பி பாத்து பழகிப்போச்சு. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில போறேன், எங்க போர்டுல உடற்கல்வித் துறைங்கறத அழிச்சுட்டு பொழுதுபோக்கு மற்றும் நலவாழ்வுத் துறைன்னு பெயிண்ட் அடிச்சிட்டு இருக்காங்க. போர்டு மாறுச்சு, ஆளு அதே நாலு பேரு, பணமும் அதேதான்.

சரி, பேருதான் மாறிப்போச்சே, நம்ம கிரவுண்டுக்கு யாருதான் வர்றாங்கன்னு பாக்கலாம்னு ஒரு வாரம் வாசல்ல சேர போட்டு ஒக்காந்து நோட்டுல எழுதினேன். வந்தவனே வந்துட்டு இருந்தான். கிரிக்கெட் டீமு, ஃபுட்பால் டீமு, ஓடற புள்ளைக கொஞ்சம். ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் என்னமோ எல்லார்கிட்டயும்தான் வாங்கறோம், போறது ஜெர்சிக்கும் டோர்னமெண்ட் வண்டி செலவுக்கும். நான் மெடலுக்கு எதிரி இல்லீங்க, பாலக்காட்டுக்காரி அப்படி சொன்னா ஊரே சிரிக்கும், 2017 ஆசிய தடகளத்துல 1500 மீட்டர் தங்கம் வாங்கின பி.யு. சித்ரா எங்க முண்டூர்தான், பறளி ஸ்கூல் பசங்க ஓடறப்ப ரோட்டோரம் நின்னு கத்தினவங்கதான் நாங்க. ஆனா அந்த மாதிரி புள்ளைக்கு ஒரு நல்ல கோச்சு கெடச்சா போதும். இந்த போர்டுக்கு கீழ ஒக்காந்திருக்கற ஆளு வேண்டியது கிரவுண்டு பக்கமே வராத மீதிப் பேருக்கு.

இத எனக்கு யாரும் புதுசா சொல்லித்தரல. நான் படிச்சது நந்தனம் ஒய்எம்சிஏ காலேஜ், 1920-ல ஹாரி க்ரோ பக் தொடங்கினது, ஆசியாவுலயே இந்தப் படிப்புக்கு முதல் காலேஜ் அதுதான். அங்க இன்ட்ராமியூரல்னு ஒரு பாடம் வரும், லத்தீன்ல சுவத்துக்கு உள்ளனு அர்த்தம், வெளிய போய் கப்பு தூக்கறதுக்கு இல்ல, காலேஜ் சுவத்துக்குள்ள இருக்கற எல்லாரும் ஆடறதுக்கு. அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டியில 1919-லயே எல்மர் மிட்செல்னு ஒருத்தர இதுக்குன்னே டைரக்டரா போட்டு, 1928-ல தனி கட்டடமும் கட்டிட்டாங்க. இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்கிட்டு, வேலைக்கு வந்ததும் இருபத்தஞ்சு வருசம் கப்பு பின்னாடியேதான் ஓடினேன். அந்த தப்பு என்னோடது, அட்மின் மேல போட முடியாது.

முதல்ல கை வெச்சது நேரத்துல. எங்க டைம்டேபிள்ல கேம்ஸ் பீரியடு மத்தியானம் 2 மணிக்கு. மார்ச், ஏப்ரல்ல பாலக்காடு எப்படி காயும்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கட்டட வேல செய்யறவங்கள 12-ல இருந்து 3 வரைக்கும் வெயில்ல நிறுத்தக்கூடாதுன்னு கேரளா தொழிலாளர் துறை கோடைக்கு கோடை உத்தரவு போடுது, படிக்கற புள்ளைகள மட்டும் அதே நேரத்துல கிரவுண்ட சுத்த விடலாமாம். (ஆடி மாசம் வேற கத, கணவாய் காத்துல இங்க ஷட்டில் அடிச்சா வாளையாறுல போய் பொறுக்கோணும்.) அதனால சாயந்திரம் 5.30-ல இருந்து 8 வரைக்கும்னு மாத்திக் கேட்டேன், நாலு லைட்டு போட நாலு மாசம் ஃபைல் நடந்துச்சு, அதுவும் முடிஞ்சு லைட்டு எரிஞ்சா மறுபடியும் அதே கிரிக்கெட் பசங்க. என்னன்னு பாத்தா லேடீஸ் ஹாஸ்டல்ல 6.30-க்கு ரோல் கால், ஜென்ட்ஸ் ஹாஸ்டல்ல 9.30-க்கு. வார்டன் அம்மாகிட்ட போய் பேசினேன், இருட்டுல ஏதாவது ஆச்சுன்னா என்னையத்தான கேப்பாங்கன்னாங்க, அவங்க சொல்றதுலயும் தப்பில்ல. கடைசியில ரோல் கால கிரவுண்டுலயே எடுத்தா என்னன்னு கேட்டேன். மொதல்ல மொறச்சாங்க. இப்ப அவங்களே ரெஜிஸ்டர கையில வெச்சுட்டு 6.30-க்கு கிரவுண்டுக்கு வந்துடறாங்க, பேரு கூப்பிட்டு முடிச்சதும் த்ரோபால் ஆரம்பிக்குது, தமிழ் புள்ளைகளும் மலையாளி புள்ளைகளும் கலந்துதான் டீம் பிரிக்கோணும், தோத்தவங்க கேன்டீன்ல டீ வாங்கித் தரோணும், அவ்வளவுதான் ரூல். வார்டன் அம்மா அந்த நேரத்துல டிராக்கில அஞ்சு ரவுண்டு நடக்கறாங்க, சுகர் கொறஞ்சிருக்குன்னு என்கிட்ட மட்டும் சொன்னாங்க, இப்ப உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

ஜிம் கத இதவிட மோசம். திறப்பு விழாவுக்கு போட்டோ எடுத்தாங்க, கேக் வெட்டினாங்க, மறுநாள்ல இருந்து பூட்டு. மெஷின் ரிப்பேர் ஆனா ஆடிட்ல கேள்வி வருமாம், அதனால சாவி அட்மின் அலமாரியில. ட்ரெட்மில்லுக்கு போட்டு வந்த பிளாஸ்டிக் கவர ஒரு வருசம் யாரும் கழட்டல. அந்த சாவிய வாங்க மூணு லெட்டர் எழுதினேன், மூணாவதுக்கு அப்புறம் நேர்ல போய் அந்த அலமாரிக்கு எதுத்தாப்லயே ஒக்காந்துட்டேன்.

இப்ப நீங்க எழுதின மனசு விஷயத்துக்கு வர்றேன். எங்களுக்கு ஒரு கவுன்சிலர், வாரத்துல ரெண்டு நாள். ரூம் எங்கன்னா ஃபீஸ் கவுன்ட்டருக்கு நேரெதிர். ஒரு புள்ள உள்ள போனா வரிசையில நிக்கற அத்தன பேரும் பாக்கறாங்க, யாரு போவா? ரெண்டு மாசம் அந்தம்மா சும்மா ஒக்காந்து செல்போன தடவிட்டு எந்திரிச்சு போனாங்க. அப்புறம் எங்க ஸ்டோர் ரூம காலி பண்ணோம், ஒடஞ்ச ஹர்டில்ஸ், ஈரம் புடிச்ச மேட்டெல்லாம் வெளிய தள்ளி, ஒரு ஃபேனு, ரெண்டு சேரு. பேட்டு வாங்கறதுக்கும் அதே கதவுதான். கையில ஷட்டில் பேட்டோட உள்ள போற புள்ள விளையாட வந்துச்சா பேச வந்துச்சான்னு யாருக்கு தெரியும்? போன செமஸ்டர்ல அந்தம்மாவே டைம் பத்தலன்னு சொன்னாங்க.

ஆனா இன்னொரு கதவு இன்னும் தொறக்கல. அந்தம்மாவுக்கு மலையாளம் மட்டும்தான். எங்க தமிழ் பசங்களுக்கும் மலையாளம் வரும், கடைக்கு போதும், பஸ்ஸுக்கு போதும், வைவாவுக்கு கூட தேத்திக்குவாங்க, அழுகை வந்தா மட்டும் அந்த பாஷை வராதுங்க. நீங்க கூட ஒக்காந்து மொழிபெயர்த்து சொல்லுங்க டீச்சரேன்னு என்னைய கூப்பிட்டாங்க, மாட்டேன்னுட்டேன், கிரேஸ் மார்க்குக்கு கையெழுத்து போடறவ முன்னாடி எந்தப் புள்ள மனசு விட்டு பேசும்? தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னு எழுதி குடுத்து ஒரு வருசம் ஆச்சு. அதுவரைக்கும் போன்லயே மனநல ஆலோசன சொல்ற டெலி மானஸ் நம்பர் 14416-அ பேட்டு ரெஜிஸ்டர் அட்டையில ஒட்டி வெச்சிருக்கேன், மத்திய அரசு 2022 அக்டோபர்ல தொடங்கினது, தமிழ், மலையாளம் சேத்து 20 மொழி, காசு கிடையாது, நடுராத்திரியிலயும் பேசலாம். 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு, விசாகப்பட்டினத்துல நீட்டுக்கு படிச்சிட்டு இருந்த 17 வயசு பொண்ணு இறந்த கேஸ்ல 15 வழிகாட்டுதல் குடுத்துச்சு, 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற எடத்துல பயிற்சி எடுத்த கவுன்சிலரோ சைகாலஜிஸ்டோ சோஷியல் வொர்க்கரோ ஒருத்தராவது இருந்தாகணும்னு. சந்தோசம். அந்த ஒருத்தர் எந்த ரூம்ல, எந்த பாஷையில ஒக்காரணும்ங்கறத கேம்பஸ்காரங்கதான் யோசிக்கோணும், எல்லைப் பக்கத்துல இருக்கறவங்க ரெண்டு மடங்கு யோசிக்கோணும்.

காலேஜுகளுக்கு தரம் போடற நாக் (NAAC) ஆளுங்க வந்தா மெடல் எத்தன, நிகழ்ச்சி எத்தனன்னு கேக்கறாங்க, கட்டம் போட்டு குடுக்கறோம். ஒரு சாதாரண செவ்வாக்கிழமை சாயந்திரம் எத்தன பேரு வேர்த்து விறுவிறுத்து நின்னாங்கன்னு இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் கேட்டதில்ல. நீங்களாவது கேளுங்க. நிருபர அனுப்பறதா இருந்தா ஜூன் 21 யோகா தினத்துக்கு அனுப்பாதீங்க, அன்னைக்கு எல்லா கேம்பஸும் நல்லாத்தான் இருக்கும். எந்த ஊரு காலேஜா இருந்தாலும் சரி, சொல்லாம கொள்ளாம ஒரு செவ்வாக்கிழமை ஆறு மணிக்கு மேல போய் நின்னு, ஜிம் சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பிசிகல் டைரக்டர், கொழிஞ்சாம்பாறை பக்கம்

பி.கு: பேரு போட வேண்டாமுங்க. ரிட்டயர் ஆக இன்னும் 14 மாசம் இருக்கு, அது வரைக்கும் எங்க சாவி என்கிட்டயே இருக்கட்டும்.