நிழல்மேல் நிழல் விழாத பலகை: காப்புரிமைத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவப் படக்கருவி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் காப்புரிமைத் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். எக்ஸ்ரே படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் என் வேலை. அந்த வேலையில் எப்போதும் கூடவே இருப்பது ஒரு சின்னச் சட்டகம். எக்ஸ்ரே எளிதில் ஊடுருவும் பிளாஸ்டிக்கிலோ கார்பன் நாரிலோ ஒரு பலகை; அதற்குள் எக்ஸ்ரேயைத் தடுக்கும் எஃகு, டங்ஸ்டன் அல்லது டான்டலம் குண்டுகள். நோயாளியோடு சேர்த்து இதையும் படமெடுத்தால், குண்டுகளின் நிழல் விழுந்த இடங்களை வைத்து, கதிர் எங்கிருந்து வந்தது, பலகை எந்தக் கோணத்தில் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். பிறகு வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு படங்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரலாம்.

இந்தச் சட்டகங்களுக்குக் காப்புரிமை கேட்டு வரும் விண்ணப்பங்களில் நீங்கள் இரண்டு பக்கமும் தவறுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை. கொடுக்கக் கூடாததற்குக் கொடுக்கிறீர்கள், கொடுக்க வேண்டியதைத் தள்ளுகிறீர்கள். பலகையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அளவுக்கு, அதன் நிழல் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை.

முதலில் கொடுக்கக் கூடாதது. "நோயாளியின் அருகே வைக்கத்தக்க ஒரு கட்டமைப்பு, அதில் கதிரைத் தடுக்கும் குறிகள் பல, அவற்றின் பிம்பத்தைக் கொண்டு படத்தைச் சீரமைக்கும் கணினி." காப்புரிமையின் எல்லையை வகுக்கும் இந்தக் 'கோரிக்கை' வாசகம் என் கண்ணில் பட்டது, அதன் உரிமையாளர்கள் அனுப்பிய ஒரு நோட்டீஸில். நாங்கள் சொந்த உபயோகத்துக்குச் செய்த பலகை இதன் எல்லைக்குள் வருகிறது என்றார்கள். எதிர்த்து வாதாட எங்களிடம் பணமும் இல்லை, பொழுதும் இல்லை. பலகையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். ஆனால் அந்த வாசகத்தில் புதிதாக என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. செயற்கை மூட்டு எலும்புக்குள் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க, எலும்பில் டான்டலம் மணிகளைப் பதித்து, அளவீட்டுக் கூண்டோடு இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை ஸ்வீடனின் லுண்டில் யோரன் செல்விக் 1974-லேயே ஆய்வேடாக எழுதிவிட்டார். "ஆறு குறிகளாவது கொண்ட" என்று ஒரு துணைக்கோரிக்கை வேறு சேர்த்திருந்தார்கள். கதிர்மூலமும் திரையும் எங்கே எப்படி இருக்கின்றன என்று எதுவுமே தெரியாவிட்டால் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் 11. ஒரு குண்டு தருவது இரண்டு சமன்பாடு. ஆக ஒரே தளத்தில் கிடக்காத 6 குண்டு வேண்டும். இது வகுத்தல் கணக்கு. இதற்கு 20 ஆண்டு உரிமையா?

இனி மறுபக்கம். 1978-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் பிரவுன் செய்ததை நினைத்துப் பாருங்கள். உடலைத் துண்டு துண்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் படத்துக்காக, தலையைச் சுற்றிய சட்டகத்தில் ஆங்கில 'என்' எழுத்தின் வடிவில் கம்பிகளை வைத்தார். இரண்டு கம்பி நேராக நிற்கும், நடுவில் ஒன்று சாய்ந்திருக்கும். படத்தின் ஒரு துண்டு இவற்றை வெட்டும்போது மூன்று புள்ளிகள் விழும். நடுப்புள்ளி எந்தப் பக்கத்துப் புள்ளிக்கு எவ்வளவு நெருங்கி விழுகிறது என்பதே அந்தத் துண்டு எந்த உயரத்தில் வெட்டியது என்று சொல்லிவிடும். சட்டகத்தைச் சுற்றி மூன்று 'என்' இருந்தால் துண்டின் சாய்வும் தெரிந்துவிடும். கம்பி பழையது, சட்டகம் பழையது (ஸ்வீடன் மூளை அறுவை மருத்துவர் லெக்செல்லின் தலைச்சட்டகம் 1949-லேயே வந்துவிட்டது), வடிவொத்த முக்கோணக் கணக்கு பள்ளிக்கூடத்துப் பாடம். இருந்தும் அந்தக் கம்பியைச் சாய்த்து வைக்க ஒருவருக்குத் தோன்ற வேண்டியிருந்தது. விடையைப் பார்த்த பிறகு "இவ்வளவுதானா" என்று சொல்வது யாருக்கும் எளிது. உங்கள் நிராகரிப்புக் கடிதங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த "இவ்வளவுதானா"வைத்தான், கொஞ்சம் சட்ட மொழியில்.

என் மேசையில் நடந்ததையே சொல்கிறேன். 12 குண்டுப் பலகை ஒன்று: மேல்தளத்தில் 6, கீழ்த்தளத்தில் 6. நேராக எடுத்த படத்தில் எல்லாம் தனித்தனியாக விழுந்தன. சி-ஆர்மை (வளைந்த கையில் பொருத்திய, சாய்க்கக்கூடிய எக்ஸ்ரே கருவி) 20 டிகிரி சாய்த்ததும் திரையில் 11 நிழல்தான். மறுபடி எண்ணினேன், 11தான். மேல்தளக் குண்டொன்றின் நிழல் கீழ்த்தளக் குண்டின் நிழலோடு ஒட்டிக்கொண்டு '8' போலக் கிடந்தது. மென்பொருள் அதை ஒற்றைக் குண்டாக எடுத்து, அந்த '8'-இன் இடுப்பில் ஒரு மையப்புள்ளி வைத்தது. அந்தப் புள்ளி இரண்டு குண்டில் எதற்கும் சொந்தமில்லை. அங்கிருந்து கணக்கு முழுதும் கோணிக்கொண்டது. இதைத் தவிர்க்க, குறிப்பிட்ட கோண எல்லைக்குள் எப்படிச் சாய்த்தாலும் எந்த இரு நிழலும் ஒட்டாதபடி, புரட்டி வைத்தாலும் இடம் வலம் குழம்பாதபடி, ஒரு செயற்கை மூட்டு நாலைந்து குண்டுகளை மறைத்தாலும் மீதியை வைத்து எது எது என்று அடையாளம் காணும்படி குண்டுகளை அடுக்குவது லேசான வேலையல்ல. அதைச் செய்து முடித்தவர் காப்புரிமை கேட்டால் கொடுக்கலாம். இடம் வலம் தெரிய ஒரு குண்டைப் பெரிதாக்கியதோடு சரி என்றால் கொடுக்காதீர்கள். படத்தின் ஓரத்தில் ஈய எழுத்து வைத்து இடம் வலம் குறிப்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, அறிந்த கருவிகள் அறிந்த விதத்தில் தனித்தனியே இயங்கும்போது அவற்றை வெறுமனே இடம் மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பாகாது என்கிறது. இந்தச் சட்டகங்களுக்கு அதைக் காட்டும்போது "தனித்தனியே" என்ற சொல்லின் மேல் சற்று நில்லுங்கள். ஒற்றைக் குண்டுக்குத் தனியாக எந்தக் கோணமும் தெரியாது. குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள உறவுதான் கோணத்தைச் சொல்கிறது.

சிகிச்சை முறைக்கான தடையைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53(சி) அறுவை முறைகளை விலக்குகிறது, அந்த முறைகளில் பயன்படும் பொருள்களை விலக்கவில்லை. ஆகவே பலகைக்கு அந்தத் தடை கிடையாது. எலும்பில் அடித்த ஊசியில் குறியை மாட்டும் முறை வேறு விஷயம். "ஊசி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது" என்று கோரிக்கையைத் தொடங்கி அறுவைப் படியை வெளியே தள்ளுவது வழக்கமான தந்திரம். அந்தப் படி இல்லாமலேயே கண்டுபிடிப்பு முழுமையாக வரையறுக்கப்படுகிறதா என்று கேட்கச் சொல்லி ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவான மேல்முறையீட்டு வாரியம் 2010-ல் தந்த ஜி 1/07 தீர்ப்பு இங்கே கைகொடுக்கும்.

எல்லாவற்றையும்விட நீங்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் சட்டகத்தின் பிழை மிகக் குறைவு" என்று விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். எந்த இடத்துப் பிழை? பெரும்பாலும் அது குண்டுகளின் மேலேயே அளந்த பிழை. மருத்துவருக்கு வேண்டியது குண்டு அல்ல, எலும்புக்குள் இருக்கும் இலக்கு. குண்டுகள் அச்சுப் பிசகாமல் பொருந்தியும் இலக்கு விலகி நிற்கலாம். குண்டுக் கூட்டத்தின் மையத்திலிருந்து இலக்கு தள்ளிப்போகப் போக, சட்டகம் சற்றே திரும்பியதன் பிழை அங்கே பெருகிக்கொண்டே போகும். குண்டுகளை இலக்கைச் சூழ அகலப் பரப்பினால் அது குறையும். எனவே இலக்கில் அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணுக்குக் காரணமான குண்டு அமைப்பு எதுவோ அதுவே கோரிக்கையிலும் இருக்கட்டும். "பல குறிகள்" என்று விரித்து எழுத விடாதீர்கள்.

அடுத்த விண்ணப்பம் வரும்போது ஒன்று செய்து பாருங்கள். அதன் வரைபடத்தில் உள்ளபடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மேலும் கீழும் மிளகுகளை ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச் ஒன்றை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பெட்டியின் ஊடாக மிளகுகளின் நிழலைச் சுவரில் விழச் செய்து, பெட்டியை மெல்லச் சாய்த்துக்கொண்டே எண்ணுங்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே படங்களைப் பொருத்தும் ஒருவர்