ஆம்பியர் பிறந்தது அந்த வீட்டில் அல்ல

ஆசிரியருக்கு,

பிரான்சின் பொலெமியூ கிராமத்து மின்சார அருங்காட்சியகம் பற்றிய கட்டுரையில், இயற்பியலாளர் ஆம்பியர் அந்த வீட்டில் பிறந்ததாக வந்திருந்தது. அதில் ஒரு திருத்தம். அவர் 1775இல் பிறந்தது லியோன் நகரில். பொலெமியூவில் இருப்பது அவர் வளர்ந்த வீடு. பள்ளிக்குப் போகாமல் அப்பாவின் புத்தகங்களைப் படித்தே கற்றார். 1931 முதல் அந்த வீடு அருங்காட்சியகம்.

மின்னோட்டம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் அல்லது விலக்கும் என்று 1820 செப்டம்பரில் அவர் காட்டிய சோதனையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். சமையலறை அலுமினியத் தாளில் 30 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை வெட்டி, 5 மி.மீ. இடைவெளியில் தொங்கவிடுங்கள். மேல்முனைகளை மட்டும் இணைத்து, கீழ்முனைகளில் 1.5 வோல்ட் பெரிய பேட்டரியை ஒரு வினாடி தொடுங்கள். ஒன்றில் மேலேறும் மின்னோட்டம் மற்றதில் இறங்கும்; பட்டைகள் விலகும். மேல்முனைகள் இரண்டையும் ஒரு துருவத்திலும் கீழ்முனைகளை மறு துருவத்திலும் சேர்த்தால் நெருங்கும். ஆனால் இதில் பேட்டரியின் மின்னோட்டம் இரண்டாகப் பிரிவதால் அசைவு குறைவாக இருக்கலாம். 'ஈர்ப்பு வரவில்லை' என்று கைவிட வேண்டாம். விசை இரு பட்டைகளின் மின்னோட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது: இரண்டும் பாதியானால் விசை கால்வாசி.

பட்டையை விறைப்பாக இழுத்துக் கட்டினாலும் அசையாது, சற்றுத் தொய்வு வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். அலுமினியத்தில் ஈயப்பற்று பிடிக்காது. முனையை மடித்துக் கிளிப்பால் கவ்வுங்கள். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் பேட்டரி சூடாகும். வீட்டு மின் இணைப்பில் ஒருபோதும் செய்யக் கூடாது.

– ஓர் இயற்பியல் ஆசிரியர்