அப்பாவுக்கு இரண்டாவது முறை வந்தது

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும், செயலாளருக்கும், அரசு மருத்துவமனைகளின் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்தது. முதல் முறை வந்தபோது அவருக்கு பிரஷர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது முறை வந்ததைத் தடுத்திருக்க முடியும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதல் முறை, காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்குச் செருப்பைக் கழற்ற முடியவில்லை. வலது கை துவண்டு கிடந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தெருவில் ஒரு பெரியவர் சொன்னார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் 108-ஐக் கூப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டாகிவிட்டது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. அன்று இரவுப் பணியிலிருந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய டாக்டர், கிளம்பாமல் கூடவே நின்றார். அவரை எங்கள் குடும்பம் மறக்காது.

குறை, ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனபோதுதான் தொடங்கியது. ஆங்கிலத்தில் நாலு பக்கம் காகிதம், ஒரு பை நிறைய மாத்திரை, "பிசியோ பண்ணுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், மூன்று நாள் லீவில் வந்திருந்தேன். அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வார்டில் எங்களோடு இருந்த குடும்பங்கள் வேறு ஊர்களில் பட்டதும் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அப்பா இருமினார். மறுபடி கொடுத்தார், மறுபடி இருமல். புரை ஏறுகிறது என்று தலையில் தட்டினார். பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்துபோகும், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம் என்பதை, பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு போனபோதுதான் ஒரு நர்ஸ் சொன்னார். நிமிர்ந்து உட்கார வைத்து, கஞ்சியைக் கெட்டியாக, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதே மாதிரிதான் தோள்பட்டையும். கட்டிலிலிருந்து எழுப்பும்போதெல்லாம் செயலிழந்த கையைப் பிடித்துத்தான் தூக்கினோம். தசை பிடிமானம் இல்லாத மூட்டு விலகிப்போய், மாதக்கணக்கில் வலியில் துடித்தார். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாதாம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டோம். நாலாம் மாதம் மருந்துக் கடையில் பிரஷர் பார்த்தார்கள், 120/80. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நார்மலாயிடுச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது, நிறுத்தினால் ஏறும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும் வயிறு எரிகிறது என்று அதோடு நின்றுபோனது. பீடி திரும்பவும் வந்தது. சோற்றுக்கு ஊறுகாயும் கருவாடும் வந்தன. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு மொத்தமே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கள் அடுப்படிக்கு வரவேயில்லை.

பத்தாம் மாதம் இரண்டாவது முறை வந்தது. இந்தத் தடவை பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, அவருக்குத்தான் வார்த்தை வருவதில்லை. குழம்பு வேண்டுமென்றால் தட்டின் ஓரத்தை விரலால் இரண்டு முறை தட்டுவார். அம்மா தப்பாகப் புரிந்துகொண்டு தண்ணீர் எடுத்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண் கலங்கியிருக்கும்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று கொண்டுவந்தீர்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரை கொடுக்க 'இதயம் காப்போம்' வந்தது. மூளைக்கு அதை அப்படியே செய்ய முடியாது, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா வெடித்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கொடுத்தால் ஆபத்து என்பது புரிகிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகு செய்ய வேண்டியதற்கு ஸ்கேனும் வேண்டாம், பெரிய கட்டடமும் வேண்டாம். கை கால் தேறுவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில்தான் நடக்கிறது என்கிறார்கள். அந்தத் தொண்ணூறு நாளையும் சிகிச்சையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள், பெரிய எழுத்தில். எந்த மாத்திரை எதற்கு, எதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது, பிரஷர் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டதா. துடிப்பு சீராக இல்லாதவருக்கு மருந்தே வேறு என்பதால் இது முக்கியம். காகிதத்தைக் கையில் திணித்தால் போதாது. வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை அரை மணி நேரம் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். தண்ணீர் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, எழுப்புவது எல்லாவற்றையும் வார்டிலேயே அவரைச் செய்ய வைத்துப் பாருங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா தங்கமானவர். கட்டிலில் அப்பாவைப் பார்த்து அவராகவே விசாரித்து, பெயரை எழுதிக்கொண்டு போய் பிசியோதெரபிஸ்டை அழைத்து வந்தார். அதற்குள் இரண்டாவது முறை வந்துவிட்டிருந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே மருத்துவமனையிலிருந்து அந்த அக்காவுக்கு ஒரு தகவல் போயிருந்தால், மாத்திரையை நிறுத்திய மாதமே அவர் கண்டுபிடித்திருப்பார். அட்டையில் மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணிப் பார்ப்பது அவர் வழக்கம்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைத் தேடி நாங்கள் மாவட்டத் தலைநகருக்கு வாரம் ஒருமுறை போகிறோம். பஸ்ஸில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். வட்டார அளவில் மாதம் இரண்டு நாளாவது ஒருவர் வந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள். போன வாரம் அப்பா அம்மாவின் பெயரில் முதல் எழுத்தைச் சொன்னார்.

இப்படிக்கு,
திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு மகள்