தோரா கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூதப் பள்ளிகளில் சிறுவர்களுக்குத் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சொல்லித்தரும் ஆசிரியர்களே, வணக்கம்.

பழங்கால ரபிகளின் (யூத சமய ஆசான்களின்) விவாதங்கள் அடங்கிய தால்முத்தில் வரும் கதைகளை ஆசையோடு படிக்கும் வெளியாள் நான். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரபிகள் சொன்ன கதையை வகுப்பில் சொல்லும்போது, அது ரபிகள் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆபிரகாம் தகப்பனின் விக்கிரகங்களை உடைத்த கதை மித்ராஷில் (ரபிகளின் வேதவிளக்கத் தொகுப்பில்) இருக்கிறது, தோராவின் முதல் நூலான ஆதியாகமத்தில் இல்லை. வளர்ந்த பிறகு மூலத்தில் தேடிப் பார்த்து, அது இல்லையென்று திகைக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரவேண்டாம்.

தால்முத்தில் வரும் ரோமத் தளபதி டைட்டஸின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் ஆலயத்தை அழித்துவிட்டுக் கப்பலில் போகிறவன், "இவர்களுடைய கடவுளுக்குத் தண்ணீரில்தான் பலம், தரைக்கு வந்து மோதட்டும்" என்று சவால் விடுகிறான். கரையேறியதும் ஒரு கொசு மூக்கில் நுழைந்து ஏழு வருடம் மூளையைக் குடைகிறது. கொல்லன் சம்மட்டிச் சத்தம் கேட்டு அது ஒருநாள் அடங்க, தினமும் ஒரு கொல்லனை வரவழைக்கிறான். யூதரல்லாத கொல்லனுக்கு நான்கு சூஸ் (வெள்ளிக் காசு) கூலி. யூதக் கொல்லனுக்கோ, "உன் எதிரி படும் பாட்டைப் பார்க்கிறாயே, அதுவே போதும்" என்று ஒன்றும் தருவதில்லை. முப்பது நாள் இப்படிப் போகிறது. அதற்குள் கொசுவுக்குச் சத்தம் பழகிவிடுகிறது!

ஆலயம் விழுந்தது கி.பி. 70இல், டைட்டஸ் இறந்தது 81இல்; கதையின் ஏழு வருடக் கணக்கு ஒத்துவரவில்லை. காய்ச்சலில் இறந்தான் என்கிறார்கள் ரோம வரலாற்றாசிரியர்கள். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் யூத அறிஞர் அசரியா தெய் ரோசி இந்தக் கதை வரலாறு அல்ல என்று எழுதினார்; அனுமதியில்லாமல் அவர் நூலைப் படிக்கக் கூடாது என்று ரபிகள் தடை போட்டார்கள். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ரோமை வாளால் வெல்ல முடியாத மக்கள், படைப்பிலேயே அற்பமான ஒன்றை அதன் தளபதிக்கு எதிரே நிறுத்துகிறார்கள். கூலி கிடைக்காத அந்த யூதக் கொல்லனின் நிலைமையில் அவர்கள் வாழ்ந்த காலமே தெரிகிறது. மருத்துவக் குறிப்பாகப் படித்தால் இதெல்லாம் கண்ணில் படுமா?

இது நவீனக் காலத்துச் சந்தேகமும் அல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே யூத தத்துவ அறிஞர் மைமோனிடஸ் சொல்லிவிட்டார்: இந்தக் கதைகளை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள் ஞானிகளை உயர்த்துவதாக நினைத்துத் தாழ்த்துகிறார்கள், அப்படியே வாசித்துக் கேலி செய்கிறவர்களும் தவறுகிறார்கள், உள்ளே பொருள் இருக்கிறது என்று தேடுகிறவர்கள் மிகச் சிலர்.

'இதைக் கதை என்றால், நாளைக்கு, செங்கடல் பிளந்ததாகத் தோரா சொல்வதையும் கதை என்பார்களே' என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் 1263இல் பார்சிலோனாவில் அரகோன் மன்னர் முன்னால் கிறிஸ்தவர்களோடு நடந்த விவாதத்தில், மித்ராஷ் கதைகளை நம்பியே தீரவேண்டும் என்பதில்லை என்று வாதாடியவர் தோராவுக்கு உரை எழுதிய ரபி நாக்மனிடஸ். அதை அவர் மனமாரச் சொன்னாரா, வாதத்துக்காகச் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்றும் சர்ச்சை செய்கிறார்கள், சரி. அவருடைய தோரா உரையைத் திறந்தால் மித்ராஷோடு உடன்படும் இடமும் உண்டு, முரண்படும் இடமும் உண்டு. தோராவின் மேல் அவருக்கிருந்த பற்று அதனால் குறையவில்லை.

ஆபிரகாமின் மகன் ஈசாக்கை மணந்த ரெபேக்காளின் பாடத்தில் தொடங்கிப் பாருங்கள். திருமணத்தின்போது அவளுக்கு மூன்று வயது என்கிறார் இடைக்கால உரையாசிரியர் ராஷி. பதினான்கு என்ற மரபைத் தோசஃபோத் என்ற தால்முத் உரைத் தொகுப்பு எடுத்துக்காட்டுகிறது. பெண் தேடி வந்த ஆபிரகாமின் வேலைக்காரனுடைய ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்றியவள் அவள். இரண்டு கணக்கையும் ஒரே நாளில் பிள்ளைகளிடம் சொல்லி, ஒவ்வொருவரும் ஏன் அப்படிச் சொன்னார் என்று பேசவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்