பொருள்: 1 மைக்ரான் வைரப் பேஸ்ட்டில் பெருந்துகள் கலந்திருப்பதும், ஏழு வாரமாக என்னை அலையவிட்டதும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கத்திக்குக் கூர் ஏற்றும் உங்கள் வைரப் பேஸ்ட்டின் மூன்று சிரிஞ்சு செட் (துகள் அளவு 3, 1, அரை மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொடர்பாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. புகார் எண் உங்களிடமே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

3 மைக்ரானிலும் அரை மைக்ரானிலும் குறை இல்லை. குறை 1 மைக்ரானில்தான். 3 மைக்ரான் பேஸ்ட் தடவிய தோல் பட்டையில் பக்கத்துக்கு இருபது இழுப்பு முடிந்ததும் கத்தி வாய் ஒரே சீராகப் பளபளக்கிறது. அடுத்து 1 மைக்ரானில் இழுத்தால் அந்தப் பளபளப்பு கூட வேண்டும். ஆனால் இழுத்த திசையிலேயே கீறல்கள் விழுகின்றன. பத்து மடங்கு லென்ஸில் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம். 1 மைக்ரான் துகள் போடும் கீறல் அந்த லென்ஸுக்குத் தனியாகத் தெரியவே தெரியாது. அப்படியானால் உள்ளே இருப்பது என்ன?

தோல்களை நான் கலந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம். ஒவ்வொரு மைக்ரானுக்கும் தனித் தோல், தனி மூடி டப்பா. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கத்தியை சோப்பு நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறேன். தோலுக்குப் பதில் புதிதாக இழைத்த பால்சா என்ற மென்மரக் கட்டையில் தடவியும் பார்த்தாயிற்று. அங்கும் அதே கீறல். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கடுகளவு வைத்துத் தேய்த்ததில் 3 மைக்ரானும் அரை மைக்ரானும் சத்தமில்லாமல் வழுக்கின, கண்ணாடி லேசாக மங்கியது, அவ்வளவுதான். 1 மைக்ரான் நறநறவென்றது, கண்ணுக்கே தெரியும் கோடு போட்டது. ஐந்து நிமிட வேலை. உங்கள் ஆட்களில் ஒருவராவது இதைச் செய்து பார்த்தாரா?

தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் கிடங்குக்குக் கத்தி, தோல், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் பையைத் திறக்கக்கூட விடவில்லை. போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "கத்திதானே சார், அம்மிக்கல்லுல தேய்ச்சா போதாதா?" என்றார். லென்ஸை நீட்டினேன், கையில் வாங்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, "மேனேஜர் லீவு" என்று அனுப்பிவிட்டார்.

தொலைபேசியில் பேசியவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் சொன்ன யோசனைகள்! ஒருவர் பேஸ்ட்டை நிறையப் போடச் சொன்னார். இருபது சென்டிமீட்டர் தோலுக்குக் கடுகளவில் ஏழெட்டுப் புள்ளி வைத்து விரலால் பரப்பினால் போதும். அதற்கு மேல் போனால் துகள் தோலில் பதியாமல் உருண்டு கட்டியாகி, கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொருவர் அழுத்தித் தேய்க்கச் சொன்னார். அழுத்தினால் தோல் அமுங்கி, வாய் தாண்டியதும் மேலெழும்பி, கத்தியின் கூர்முனையை உருட்டிவிடும். முதுகு முன்னே போக, கத்தியின் சொந்த எடைதான் அழுத்தம். மூன்றாமவர் மெருகேற்றும் பச்சைக் குரோமியம் ஆக்சைடு கட்டியை வாங்கச் சொன்னார். என்னிடம் வரும் கத்திகளில் வனேடியம் அதிகமுள்ள எஃகு உண்டு. அந்த எஃகுக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு துகள் குரோமியம் ஆக்சைடைவிடக் கடினம், அதை ஒழுங்காக வெட்ட வைரம் போல அதைவிடக் கடினமான துகள் வேண்டும். வைரப் பேஸ்ட் விற்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

மாற்றுச் சிரிஞ்சு வந்தது, உண்மை. அதே பேட்ச் எண், அதே நறநறப்பு. மேலே நீர் அடிப்படை என்று அச்சிட்டிருக்கிறது. வாலை வடிநீர் இரண்டு சொட்டு விட்டால் கரையாமல் திரிதிரியாக ஒதுங்குகிறது. எண்ணெய் அடிப்படைப் பேஸ்ட்டில் தவறான லேபிள் ஒட்டியிருக்கிறீர்கள். இறக்குமதியாளர் முகவரியும் பெட்டியில் இல்லை. 2011 பொதிப் பொருள் விதிகளின்படி அது இருந்தாக வேண்டும்.

கீறல் விழுந்தது 240 மில்லிமீட்டர் ஜப்பானியக் கத்தி ஒன்றில், அதுவும் வாடிக்கையாளருடையது. பேஸ்ட்டைவிடக் கரடான 1000 எண் தீட்டுக்கல்லுக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து தீட்ட வேண்டியதாயிற்று. தேய்ந்துபோன எஃகு திரும்பி வராது. அந்த வாடிக்கையாளரோடு இரண்டு ஓட்டல் சமையலறைகளின் வேலையும் கையை விட்டுப் போயின. நஷ்டம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. கடையின் பெயரையும் சேர்த்தால் இரண்டு லட்சம் என்றே சொல்வேன். அம்மிக்கல்லாம்!

தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். செட்டின் விலை 2,850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த பேட்ச் 1 மைக்ரானை விற்பனையிலிருந்து எடுங்கள், வாங்கிய மற்றவர்கள் கத்தியாவது தப்பட்டும். கவுன்ட்டர்க்காரரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும். உங்கள் 3 மைக்ரான் நல்ல சரக்கு, அதைத் தொடர்ந்து வாங்கவே விரும்புகிறேன்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும். அதன்பின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

இரண்டு சிரிஞ்சுகளையும், கோடு விழுந்த கண்ணாடியையும் உறையிட்டு வைத்திருக்கிறேன். பேஸ்ட் தெரிந்த ஒருவரை லென்ஸோடு அனுப்புங்கள், காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சாணைக் கடை உரிமையாளர்,
தாம்பரம்