அப்பத்தாவின் காதும் உன் களிமண்ணும்

மதுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கடிதத்தை அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை. சிற்பத்தை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு மாறிவிடலாமா என்று அதில் கேட்டிருக்கிறாய். உடன் படிக்கிறவர்களுக்கெல்லாம் ஏதோ ஓர் உந்துதல் இருக்கிறது, எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். ஆயுள் முழுக்க ஸ்டூடியோ வைத்துப் பிழைத்த அப்பா "வந்துவிடு" என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பாய். மாறாதே, தாயி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்தத் தலை. அப்பத்தாவைக் களிமண்ணில் செய்தேன், முகமூடி மாதிரி வந்துவிட்டது என்கிறாய். படத்தைப் பார்த்ததுமே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. உன் கையில் குறை இல்லை. நீ எதிரே வைத்துக்கொண்டு செய்த போட்டோவில்தான் குறை. பொங்கலுக்கு வந்திருந்தபோது செல்போனை அப்பத்தாவின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பிடித்து எடுத்தாயே, அதுதானே அது? அவ்வளவு கிட்டத்திலிருந்து எடுத்தால் முன்னால் இருப்பது பெருக்கும், பின்னால் இருப்பது சிறுக்கும். மூக்கு லென்ஸை ஒட்டி இருக்கிறது. காது அரைச் சாணுக்கு மேல் பின்னால் இருக்கிறது. மூக்கு புடைத்து, காது ஒடுங்கி, தலை முழுவதும் முன்பக்கத்துக்கே வந்துவிட்டது. கல்யாண வீட்டில் பெண்ணின் முகத்தை எடுக்கும்போது நாங்கள் பத்தடி தள்ளிப் போய் நீள லென்ஸ் மாட்டுவது இதற்காகத்தான். நீ நம்பிச் செய்தது அப்பத்தாவின் தலையே இல்லை. அந்த லென்ஸ் கண்ட தலை.

அதிலும் ஒடுங்கிப் போனது காது. அப்பத்தாவின் முகத்தில் காதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது? நேற்று எண்ணெய் தேய்ப்பதற்காக, காதில் தொங்கும் அந்தக் கனத்த தண்டட்டியைக் கழற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மடல் இழுபட்டுக் கழுத்துப் பாதி வரை இறங்கியிருக்கிறது. நடுவில் நீண்ட துளை. துளையின் கீழ் விளிம்பு ஒரு சணல் கயிற்றின் பருமன்தான் இருக்கும்; தண்டட்டி கிடந்து கிடந்து அந்த இடம் மட்டும் சுருக்கமே இல்லாமல் வழவழவென்று மினுங்குகிறது. கழற்றிய பிறகும் மடல் மேலே ஏறவில்லை. தலையைத் திருப்பினால் ஒரு நொடி பிந்தித்தான் ஆடி நிற்கிறது. இத்தனை வருட எடை அந்தச் சதையில் இருக்கிறது. நான் எத்தனை நல்ல பிலிம் போட்டு எடுத்தாலும் காதின் வடிவம் வரும். எடையைப் பார்க்கிறவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நீ அதைச் செய்தே காட்டிவிடலாம். மண்ணுக்கு எடை உண்டு, அது கீழே இழுக்கும், இழுப்பதை நீ விரலால் தாங்கிப் பிடித்து நிறுத்துவாய். இந்த ஒரு காரணம் போதும், நீ அங்கேயே இருப்பதற்கு.

போன மாதம் கீழக்குயில்குடிக்குப் போய்வந்தேன். சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் உனக்கு நினைவிருக்கும். பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகள், ஆயிரம் ஆண்டுக்கும் பழையவை. வெயில் நேருக்கு நேராக அடிக்கும்போது அவை பாறையில் கோடு கிழித்த மாதிரித் தட்டையாகத் தெரியும். அதே வெயில் பாறையை உரசிக்கொண்டு சாய்ந்து வரும் வரை காத்திருந்தால் புருவத்தின் அடியில் நிழல் கட்டும், மூடிய உதடு எழும்பி வரும், சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் தலைக்கு மேலுள்ள பாம்புப் படம் பாறையை விட்டு முன்னால் வந்து நிற்கும். நான் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவேன். செதுக்கியவனுக்கு அந்த வசதி கிடையாது. விடிகாலைக்கும் உச்சிப்பொழுதுக்கும், மழையில் பாறை கறுத்துப்போன நாளுக்கும் சேர்த்து ஒரே முகத்தைச் செதுக்கியிருக்கிறான். எந்த வெளிச்சத்திலும் அதன் அமைதி கலையவில்லை. என் தொழிலை நான் தாழ்த்திப் பேசவில்லை. எனக்குச் சோறு போட்டது, உன்னைப் படிக்க வைப்பதும் அதுதான். ஆனால் இரண்டும் கேட்கிற உழைப்பு வேறு, உன்னிடம் இருப்பது இரண்டாவது வகை என்பதை உன் சிறுவயதிலிருந்தே பார்த்துவருகிறேன்.

சிற்பி பிரான்குசி தன் சிற்பங்களைத் தானே படம் எடுத்துக்கொண்டார், பிறர் எடுப்பதை விரும்பவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எங்கே நின்று பார்க்க வேண்டும், எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது செய்தவனுக்குத் தெரியும். கேமராவை நீயும் அப்படி வைத்துக்கொள். வேலை நடக்கும்போதே படம் எடு. கண் பழகிப்போய் விட்டுவிட்ட கோணலை அது காட்டிக்கொடுக்கும்.

லினியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்த படங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அப்போது அவரிடம் இருந்தது காகித நெகடிவ். அதில் வானம் சரியாக விழாது, வெள்ளையாகிவிடும். அதனால் நெகடிவின் மேலேயே மேகத்தைக் கையால் தீட்டியிருக்கிறார். நானும் எத்தனையோ முகங்களின் நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்தவன் என்பதால், அந்த மேகங்களைப் பார்த்தபோது ஒரு சகதொழிலாளியைப் பார்த்த மாதிரி இருந்தது. கேமராக்காரனும் கையை விட்டுவிடவில்லை. நீ கையையே விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது புதுமண்டபத்துக்குப் போவோம். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அங்கே தையல் மெஷின்களும் வளையல் கடைகளும் தூண்களை மறைத்துக்கொண்டிருந்தன. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்தில் கைகூப்பி நிற்கிறார்கள். திருமலை நாயக்கரின் தொந்தியைப் பார். மண்டபத்தைக் கட்டிய ராஜாவையே வயிறும் கனத்த உடம்புமாகச் செதுக்கி, அவர் கண் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவரை உள்ளபடி செய்வது அவருக்குச் செய்கிற மரியாதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் களிமண் தலையில் நீ அப்பத்தாவின் கன்னக் குழியைக் கொஞ்சம் நிரப்பியிருக்கிறாய், கவனித்தேன். எடுத்துவிடு. அந்தக் குழியோடுதான் அவர் அழகு.

கோயிலுக்குள்ளும் போவோம். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோகத் தடை வந்துவிட்டது. அது உனக்கு நல்லது என்று நினைக்கிறேன். கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணத் தூணின் முன்னால் வெறுங்கையோடு நில். சொக்கர் ஒருபுறம், தாரை வார்க்கும் திருமால் மறுபுறம், நடுவில் மீனாட்சி. நேராகப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து போய், அந்தத் தலை எவ்வளவு குனிந்திருக்கிறது என்று பார். ஒரு விரல்கடை அளவு கூடக் குனிந்திருந்தால் துயரமாகியிருக்கும்; குறைந்திருந்தால் நாணமே தெரிந்திருக்காது. கருங்கல்லில் அந்த அளவைக் கண்டுபிடித்திருக்கிறான். மனத்தில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, சித்திரை வீதியில் உட்கார்ந்து வரை. எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் நீ பார்த்தது.

உந்துதல் பற்றிக் கேட்டாய். சாந்திநிகேதனில் உன் கலாபவன வளாகத்திலேயே சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் செய்த 'சந்தால் குடும்பம்' என்ற சிற்பம் நிற்கிறது. அதை நீ எடுத்து அனுப்பிய படம் ஸ்டூடியோ சுவரில் இருக்கிறது. காவடித் தண்டில் கூடை, கூடைக்குள் பிள்ளை, பக்கத்தில் மனைவி, கூடவே நாய். அவர் தினமும் பாதையில் பார்த்த ஆட்கள். செய்ததும் சிமெண்டிலும் செம்புறைச் சரளையிலும். அவருக்கு அந்தப் பாதை போதுமாக இருந்தது.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியின் அடியில் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறது: அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று. மகன் துறவி. ஊர் ஊராக மலைகளில் திருமேனிகள் செய்வித்தவர். இந்த மலையில் ஒன்றை அவருடைய தாயார் செய்வித்திருக்கிறார். அந்த அம்மா இந்தப் பாறை வரை ஏறி வந்திருப்பாரா, வேலை நடக்கும்போது வந்து பார்த்திருப்பாரா என்று அங்கே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். நீ செய்கிற ஒன்றுக்கு அருகில் நான் இருக்க வேண்டும்.

அதனால் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போகிறேன், சம்மதித்துவிட்டார். சுழலும் ஸ்டூலில் உட்கார வைத்து, கேமராவைக் காது உயரத்தில் முக்காலியில் நிறுத்தி, பத்தடி தள்ளி வைத்து, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றிலும் எடுப்பேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். ஃபிளாஷ் மேடு பள்ளத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் இருக்கும். தண்டட்டியோடு ஒரு சுற்று, கழற்றிவிட்டு ஒரு சுற்று. தண்டட்டியை நகைக்கடைத் தராசில் நிறுத்து எடையையும் எழுதுகிறேன்.

செய்த தலையை உடைத்துவிடாதே. ஈரத்துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டி வை. அங்கே காற்று வறட்சியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், வெடித்துவிடப் போகிறது. எங்கிருந்து எங்கே வரை அளவு வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பு. மோவாயிலிருந்து உச்சி, காதுக்குக் காது, மடலின் நீளம் ஆகியவற்றை நானே எடுத்துவிடுவேன். வேறு எது வேண்டுமானாலும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா